ஆட்டோகிராஸ் காரின் ரைடு ஹைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து ஆட்டோகிராஸ் ஓட்டத் தொடங்கும் இளைஞர்கள் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவரும்போது, இன்ஜினைப் பற்றிக் கேட்ட பிறகு அடுத்ததாகக் கேட்பது வண்டியை எவ்வளவு இறக்கலாம் என்பதைத்தான். கூம்புகள் வைத்துக் குறித்த தடத்தில் ஒவ்வொரு வண்டியாக நேரம் பார்த்து ஓட்டும் இந்தப் போட்டியில், வேகத்தைவிடத் திருப்பங்களே அதிகம். ஆகவே வண்டி நிற்கும் உயரம் ஒவ்வொரு நொடியும் வேலை செய்கிறது. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நம் பக்கம் அதிகம் வரும் ஸ்விஃப்ட், போலோ போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதியுள்ளேன்.

1. ரைடு ஹைட்னா கிரவுண்ட் கிளியரன்ஸ்தானே அண்ணா?

இல்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது வண்டியின் அடியில் மிகவும் தாழ்ந்திருக்கும் பாகத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளி. ரைடு ஹைட் என்பது, வண்டி தன் முழு எடையோடு ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்திருக்கும்போது, பாடியில் நாம் தேர்ந்துகொண்ட ஒரு புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. முன்னது ஒரே எண். பின்னது நான்கு சக்கரங்களுக்கும் நான்கு எண்கள்.

சம்புக்கு (இன்ஜின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) அடியில் ஒரு காப்புத் தகடு பொருத்தினால் கிளியரன்ஸ் குறைந்துவிடும். தகட்டின் எடையால் வரும் சிறு மாற்றத்தைத் தவிர ரைடு ஹைட் அப்படியே இருக்கும். கல்லில் இடிக்குமா என்பதைக் கிளியரன்ஸ் சொல்லும். லோயர் ஆர்ம் (சக்கரத்தின் அடிப்பகுதியைப் பாடியோடு இணைக்கும் கை) எந்தக் கோணத்தில் நிற்கிறது, ஷாக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) இன்னும் எவ்வளவு உள்ளே போக முடியும் என்பதை ரைடு ஹைட்தான் சொல்லும். இந்தப் பக்கம் முழுவதும் பேசுவது பின்னதைப் பற்றி.

2. எங்கே அளக்கணும்? எல்லாரும் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல விரல் வெச்சுதான் பார்க்கிறாங்க.

விரல் அளவு தோற்றத்துக்குப் போதும், செட்டிங்குக்குப் போதாது. டிங்கரிங் பார்த்த வண்டியில் இடது ஃபெண்டரும் வலது ஃபெண்டரும் ஒரே உயரத்தில் இருப்பதே அரிது. பாடியின் அடியில் ஜாக்கி வைக்கும் மடிப்பு விளிம்பில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் ஓர் இடத்தையும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஓர் இடத்தையும் தேர்ந்து பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். இடது, வலது இரண்டிலும் சேர்த்து நான்கு புள்ளிகள். மடிப்பு ஏற்கெனவே நசுங்கியிருந்தால், லோயர் ஆர்ம் சப்ஃபிரேமில் (பாடியின் அடியில் அதைத் தாங்கும் சட்டம்) சேரும் போல்ட்டின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்ளலாம்.

தரையிலிருந்து அளக்கும்போது டயரும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. 185/65 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 621 மி.மீ.; 195/55 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 595 மி.மீ. டயரை மட்டும் மாற்றினாலே வண்டி 13 மி.மீ. இறங்கிவிடும், ஆனால் சஸ்பென்ஷன் இம்மியும் அசைந்திருக்காது. ஆகவே சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரையுள்ள அளவையும் ஒரு துணை அளவாகக் குறித்து வையுங்கள். டயர் மாறினாலும் அது மாறாது.

3. எவ்வளவுக்கு எவ்வளவு தாழ்வா இருக்கோ அவ்வளவுக்கு அவ்வளவு வண்டி வேகமாத் திரும்பும்னு சொல்றாங்களே?

ஓரளவுக்கு உண்மை, அதன் பிறகு பொய். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை பெயர்கிறது. ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் இந்தப் பெயர்ச்சி குறைகிறது. ஓட்டுநரோடு 1,000 கிலோ எடை, 550 மி.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையம், இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே 1,500 மி.மீ. அகலம் என்று ஒரு வண்டியைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 0.9 ஜி (ஈர்ப்பு விசையின் 0.9 மடங்கு) பக்கவாட்டு விசையில் பெயரும் எடை 330 கிலோ. வண்டியை 25 மி.மீ. இறக்கினால் அது 315 கிலோ ஆகும். நன்மை 15 கிலோதான்.

இந்த 15 கிலோவுக்கு நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். நம் கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. அதில் பாடி இறங்கும்போது லோயர் ஆர்மின் உள்முனை இறங்கி, வெளிமுனை மேல்நோக்கித் திரும்புகிறது. அப்போது ரோல் சென்டர் (திருப்பத்தில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), பாடி இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். ஈர்ப்பு மையத்துக்கும் ரோல் சென்டருக்கும் இடையிலான தூரம் கூடுவதால், அதே ஸ்பிரிங்கோடு வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். சாயும்போது கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் கோணம்) தவறான பக்கம் போகும். வெளிப்பக்க முன்டயர் தன் தோளில் உருண்டு, ஓரம் தேயும். தாழ்த்திய பிறகு வண்டி திரும்ப மறுக்கிறது என்று வருபவர்களில் பலருடைய வண்டியில் நடந்திருப்பது இதுதான்.

4. அப்போ எவ்வளவுதான் இறக்கலாம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

எல்லா வண்டிக்கும் பொருந்தும் எண் கிடையாது. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை உங்கள் வண்டியே காட்டும். முதலாவது, பக்கவாட்டில் குனிந்து லோயர் ஆர்மைப் பாருங்கள். பால் ஜாயின்ட்டின் (ஆர்மின் வெளிமுனையில் உள்ள உருண்டை மூட்டு) நடுப்புள்ளி, உள்முனை போல்ட்டைவிடச் சற்றுத் தாழ்வாகவோ அல்லது சமமாகவோ இருக்க வேண்டும். அதைத் தாண்டி மேலே போய்விட்டால் மூன்றாம் பதிலில் சொன்ன தொல்லை தொடங்கிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, ஷாக் பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுக்க உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) தொடுவதற்கு முன் எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமின்றிக் கட்டி, ஓர் ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து அது எதுவரை தள்ளப்பட்டிருக்கிறது என்று அளந்தால் போதும். பம்ப் ஸ்டாப்பில் மோதும் கணத்தில் அந்த மூலையின் ஸ்பிரிங் திடீரெனப் பல மடங்கு கடினமானதைப் போல நடந்துகொள்ளும். முன்பக்கம் மோதினால் வண்டி நேராக வெளியே போகும். பின்பக்கம் மோதினால் வால் வீசும். ஓட்டுநர் இதை டயரின் குற்றம் என்றே நினைப்பார். தார் தரையில், ஓட்டுநர் அமர்ந்த நிலையில், முன்பக்கம் 40 மி.மீ. இடமாவது எஞ்ச வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங்காகவே இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனெனில் அது அதிகமாக அமுங்கும்.

இந்த இரண்டில் எது முதலில் வருகிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள். மாற்றமே செய்யாத பல குடும்பக் கார்களில் அது கம்பெனி உயரத்திலிருந்து 20 முதல் 30 மி.மீ.க்குள்ளேயே வந்துவிடும்.

5. நம்ம ஊர்ல பாதிப் போட்டி மண்ணுலதான் நடக்குது. தாருக்கு வெச்ச உயரமே மண்ணுக்கும் போதுமா?

போதாது. மண்ணில் டயரின் பிடிப்பு குறைவு. பக்கவாட்டு விசை குறையும்போது, ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவதால் கிடைக்கும் 15 கிலோ நன்மையும் அதே விகிதத்தில் சுருங்கிவிடுகிறது. மறுபுறம், குழிகளில் சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஆகவே மண்ணுக்குக் கம்பெனி உயரத்திலிருந்து தொடங்குங்கள், தேவையெனில் சற்று உயர்த்துங்கள். பம்ப் ஸ்டாப்புக்கு முன் 70 மி.மீ.க்குக் குறையாமல் இடம் வைப்பது நல்லது.

மண் என்றாலும் எல்லா மண்ணும் ஒன்றல்ல. கடலோர மணலில் சக்கரம் புதையும். அங்கே வயிறு தரையைத் தொடாமல் இருப்பதே முதல் கவலை. பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் தார்போல இறுகிவிடும். அதன் மேல் சரளை உருளும். காலையில் சமமாக இருக்கும் அந்தத் தரையில், இருபது முப்பது வண்டிகள் ஓடிய பிறகு திருப்பங்களில் ஆழமான தடங்கள் விழுந்திருக்கும். உங்கள் முறை கடைசியில் வந்தால், காலையில் தடத்தைச் சுற்றி நடந்து பார்த்த தரையில் நீங்கள் ஓட்டப்போவதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு காய்ந்து இறுகிய பழைய டயர் தடங்கள் இன்னும் மோசமானவை. சம்ப் தகட்டைப் பிய்த்தெடுப்பவை பெரும்பாலும் அவைதான்.

அதற்காக அளவு மீறி உயர்த்தவும் கூடாது. முன்சக்கர இயக்க வண்டியில் ஆக்ஸில் ஜாயின்ட்டின் கோணம் கூடி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது டக்டக்கென்று சத்தம் வரத் தொடங்கும். சக்கரம் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

6. எங்க ஷெட் தரை, மழைத் தண்ணி வெளிய ஓடட்டும்னு சரிவாப் போட்டது. அதுல வெச்சு அளக்கலாமா?

அப்படியே அளக்கக் கூடாது. 5 மி.மீ. மாற்றத்தைத் தேடும் வேலையில் 20 மி.மீ. சரிவுள்ள தரை எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும். ஆனால் சமதளம் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயே போதும். நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களைத் தரையில் பெயின்ட்டால் குறித்து, குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, நான்கு இடங்களின் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். தாழ்ந்த இடங்களில் தரை ஓடுகளையும் பிளைவுட் துண்டுகளையும் அடுக்கி, நான்கும் 1 மி.மீ.க்குள் வரும்படி செய்யுங்கள். எந்த மூலைக்கு எத்தனை ஓடு என்பதைச் சுவரில் எழுதிவிட்டால் அடுத்த முறை சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

அளவுகளையும் அந்த அடுக்கின் மேற்பரப்பிலிருந்து எடுக்க வேண்டும், பக்கத்துத் தரையிலிருந்து அல்ல. இதைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர்.

7. அளக்குறதுக்கு முன்னாடி வண்டியை எப்படித் தயார் பண்ணணும்? டிரைவர் உள்ளே உட்காரணுமா?

ஓட்டும்போது வண்டி எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும். ஸ்டெப்னியும் டூல்ஸும் போட்டியில் இருக்காது என்றால் இப்போதும் வேண்டாம். டயரில் போட்டிக்கு வைக்கும் காற்றழுத்தத்தையே வையுங்கள். பெட்ரோலும் அதே அளவு: 20 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 15 கிலோ, அது பின்பக்கத்தை 3 அல்லது 4 மி.மீ. இறக்கப் போதுமானது.

ஓட்டுநர் உட்கார்ந்தே ஆக வேண்டும். நம் நாட்டு வண்டியில் அவர் வலப்பக்கம் அமர்கிறார். 75 கிலோ எடையுள்ளவர் ஏறினால் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட அதிகமாக இறங்கும். வெறும் வண்டியில் இரு பக்கமும் சமமாக வைத்தால் ஓட்டும்போது அது சமமில்லை. அவர் இல்லாத நேரத்தில் அவர் எடைக்குச் சமமான மணல் மூட்டைகளை இருக்கையில் வையுங்கள். கால்களின் எடைக்காகச் சிறு மூட்டை ஒன்றை மிதிபலகைப் பக்கமும் வைப்பது நல்லது.

ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டி உடனே தன் உண்மையான உயரத்துக்கு வராது. டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு, சக்கரங்களை விலகி அமர விடாமல் தடுக்கும். வண்டியை ஒரு சுற்று முன்னும் பின்னும் தள்ளி, நான்கு மூலையையும் அமுக்கிவிட்ட பிறகே அளக்க வேண்டும். இடம் குறைவான ஷெட்டில், ஒவ்வொரு டயருக்கும் அடியில் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் டயர் தானாகவே விலகி அமர்ந்துவிடும். ஸ்டெபிலைசர் பாரின் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) லிங்க் ராடை ஒரு பக்கம் கழற்றிவிடுங்கள், இல்லையெனில் ஒரு பக்கத்து மாற்றம் மறு பக்கத்தையும் இழுக்கும். எல்லாம் முடிந்து ஓட்டுநர் அமர்ந்த நிலையில் அதைத் திரும்ப மாட்டும்போது போல்ட் விரலாலேயே நுழைய வேண்டும். நெம்பினால்தான் நுழையும் என்றால் அந்தப் பார் முறுக்கேறிய நிலையில் நிற்கிறது.

8. காயிலோவர் வாங்கக் காசில்லை. ஸ்பிரிங்கை ஒரு சுத்து வெட்டிடலாமா?

வேண்டாம். காயிலோவர் என்பது உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுதி; ஸ்பிரிங்கை வெட்டுவது அதற்கு மாற்றாகாது. வெட்டினால் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. உயரம் குறைகிறது, சுற்றுகள் குறைவதால் எஞ்சிய ஸ்பிரிங்கின் கடினமும் கூடுகிறது. எவ்வளவு இறங்கும், எவ்வளவு கடினமாகும் என்பதை வெட்டிய பிறகே அறிய முடியும், திரும்ப ஒட்டவும் முடியாது. இதைவிடப் பெரிய அபாயம் வேறு. சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து, திரும்பி, இடம் மாறி உட்காரலாம். வேகத் திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் தூக்கி இறங்கும் வண்டியில் இது நடந்தால் கட்டுப்பாடு போய்விடும். கேஸ் கட்டிங்கால் வெட்டியிருந்தால், சூடேறிய இடத்தில் கம்பியின் பதம் கெட்டு முறியவும் கூடும். கைக்காசு குறைவென்றால் கம்பெனி உயரத்திலேயே ஓட்டி, நல்ல டயருக்கும் அலைன்மென்டுக்கும் செலவழியுங்கள். நேரம் அதிலேயே குறையும்.

9. ஸ்பிரிங் நடுவுல வைக்கிற ரப்பர் பஃபர் மாட்டினா உயரம் கூடுமே, மண் போட்டிக்கு அது சரிதானா?

உயரம் கூடும், ஆனால் அந்த இடத்தில் ஒரு சுற்று வேலை செய்யாமல் பூட்டப்பட்டுவிடுகிறது. எட்டாம் பதிலில் சொன்னபடி, வேலை செய்யும் சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும். மண்ணுக்கு வேண்டியது உயரமும் மென்மையும். போட்டிக்கு அது உகந்ததல்ல.

10. என் காயிலோவர்ல ரெண்டு இடத்துல திருகலாம். ஸ்பிரிங் தட்டைத் திருகணுமா, அடியில இருக்கிற பிராக்கெட்டைத் திருகணுமா?

இரண்டும் வண்டியை இறக்கும். ஆனால் எஞ்சும் இடம் வேறு. ஸ்பிரிங் தட்டை இறக்கினால் ஷாக் தண்டு உள்ளே போய்விடுகிறது, பம்ப் ஸ்டாப்புக்கு முன்னுள்ள இடம் குறைகிறது. அடிப் பிராக்கெட்டைத் திருகினால் ஷாக்கின் மொத்த நீளமே மாறுகிறது, அந்த இடம் குறைவதில்லை. ஆகவே உயரத்துக்கு அடிப் பிராக்கெட்டையே பயன்படுத்துங்கள். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஷாக் முழுவதும் அமுங்கும் முன்பே டயர் ஆர்ச்சில் மோதலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் மேலேற்றி, எதில் மோதுகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் ஒடித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் தட்டை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. அந்த மூலையின் மேல் 260 கிலோ இருந்து, ஸ்பிரிங் மி.மீ.க்கு 3 கிலோ வகையாக இருந்தால், தட்டு எங்கே இருந்தாலும் அது ஏறத்தாழ 87 மி.மீ. அமுங்கித்தான் நிற்கும். தட்டை ஏற்றினால் வண்டி உயர்கிறது, அவ்வளவுதான்.

11. முன்னாடி 10 மி.மீ. திருகினா ஏறக்குறைய 10 இறங்குது. பின்னாடி அதே 10 திருகினா 14 இறங்குது. அளவு தப்பா?

அளவு சரிதான். முன்பக்க ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. சக்கரமும் ஸ்பிரிங்கும் ஏறத்தாழ ஒரே அளவு அசைகின்றன. ஸ்விஃப்ட், போலோ போன்றவற்றின் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரு பின்சக்கரக் கைகளையும் முறுக்கிக்கொடுக்கும் ஒரு குறுக்குத் தண்டு இணைக்கும் அமைப்பு. அதில் ஸ்பிரிங், சக்கரத்தின் நேர் மேலே இல்லாமல் கையின் நீளத்தில் சற்று முன்னால் அமர்ந்திருக்கும். சக்கரம் 10 மி.மீ. அசைந்தால் ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டுமே அசையும் வண்டியில், ஸ்பிரிங் இருக்கையை 10 மி.மீ. இறக்கினால் பாடி 14 மி.மீ. இறங்கும். உங்கள் வண்டிக்கு இந்த விகிதம் என்ன என்பதை ஒரு முறை அளந்து எழுதி வைத்தால், பிறகு வேண்டிய அளவை நேராகக் கணக்கிட்டே திருகலாம்.

12. பின்பக்கத்தை உயர்த்தி வெச்சா வண்டி நல்லாத் திரும்புமாமே?

முன்சக்கர இயக்க வண்டியில் பெரும்பாலும் திரும்பும். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 10 மி.மீ. அளவுக்கு உயர்த்தினால் பின்பக்க ரோல் சென்டர் உயர்கிறது. பின்சக்கரங்கள் எடைப் பெயர்ச்சியில் கூடுதல் பங்கை ஏற்றுக்கொள்ள, முன்டயருக்குச் சற்று ஓய்வு கிடைக்கிறது. முன்பக்கத்துக்கு எடை போய்விடுவதால்தான் இது நடக்கிறது என்று சொல்வார்கள். ஆனால் இவ்வளவு சிறிய சாய்வில் நிலையாகப் பெயரும் எடை மிகமிகக் குறைவு.

ஒரு பக்கவிளைவைக் கவனியுங்கள். 2,450 மி.மீ. வீல்பேஸ் உள்ள வண்டியில் பின்பக்கத்தை 10 மி.மீ. உயர்த்தினால் முன்பக்கக் காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) ஏறத்தாழ கால் டிகிரி குறையும். 10 மி.மீ.யில் இது பொருட்டல்ல, 40 மி.மீ. உயர்த்துபவர்களுக்கு ஒரு டிகிரி போய்விடும், ஸ்டீயரிங் லேசாகி நடுவில் நிற்காது. பிரேக் பிடித்தபடி திரும்பும்போது வால் வீசவும் தொடங்கும். 5, 5 மி.மீ.யாக ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள்.

13. இறக்கினதுல இருந்து பள்ளத்துல விழுந்தா ஸ்டீயரிங் தானா இழுக்குது. டயர் உள்பக்கமும் தேயுது. ஏன்?

முதல் காரணம், உயரம் மாறிய பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டியிருக்கலாம். உயரம் மாறினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் இரண்டும் மாறும், எவ்வளவு சிறிய மாற்றமானாலும். வரிசை இதுதான்: டயர் அழுத்தம், உயரம், மூலை எடை (ஒவ்வொரு சக்கரமும் சுமக்கும் எடை), கேம்பர், கடைசியில் டோ. டோவை முதலில் வைத்துவிட்டு உயரத்தைத் தொட்டால் கொடுத்த காசு வீண். அலைன்மென்ட் கடையில் இருக்கையில் எடை வைக்கச் சொன்னால் வியப்பாகப் பார்ப்பார்கள். இருந்தாலும் உங்கள் மூட்டைகளைக் கொண்டுபோய் வைத்தே பார்க்கச் சொல்லுங்கள்.

அலைன்மென்ட் சரியாக இருந்தும் பள்ளத்தில் மட்டும் இழுத்தால், டை ராடும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) லோயர் ஆர்மும் இப்போது வெவ்வேறு வளைவில் அசைகின்றன என்று பொருள். கம்பெனி உயரத்தில் இரண்டும் ஏறத்தாழ இணையாக இருக்கும்படி வடிவமைத்திருப்பார்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை 10 மி.மீ. வீதம் ஏற்றி இறக்கி ஒவ்வொரு நிலையிலும் டோவை அளந்தால் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். விதி அனுமதித்தால் டை ராட் முனையைத் தாழ்த்தும் பாகங்கள் உண்டு. அனுமதிக்காவிட்டால் வண்டியைச் சற்று உயர்த்துவதே மருந்து. நான்காம் பதிலில் சொன்ன லோயர் ஆர்ம் எல்லைக்குள் நின்றவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

14. உயரம் மாத்தின கொஞ்ச நாள்லயே லோயர் ஆர்ம் புஷ் கிழியுது. மட்டமான புஷ்ஷா?

புஷ்ஷைக் குறை சொல்லும் முன், போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று கேளுங்கள். ரப்பர் புஷ் முறுக்கிக்கொடுக்கும், சுழலாது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறி நிற்கும். ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதுவும் வண்டியைத் தூக்கிப் பிடிப்பதால் நீங்கள் அளந்த உயரமும் பொய்யாகும். போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி அமர வைத்த பிறகு இறுக்குங்கள்.

15. நாலு மூலையும் மி.மீ. சுத்தமா ஒரே அளவு. இருந்தும் இடது திருப்பம் ஒரு மாதிரி, வலது திருப்பம் ஒரு மாதிரி இருக்கு.

உயரம் சமமாக இருந்தால் எடையும் சமமாக இருக்கும் என்பதில்லை. நான்கு கால் ஸ்டூலில் ஒரு காலின் அடியில் மடித்த காகிதம் வைத்தால் உட்காரும் பலகை ஏறத்தாழ அப்படியே இருக்கும், ஆனால் அந்தக் காலும் அதற்கு எதிர்மூலைக் காலுமே சுமையைத் தாங்கும். காரிலும் எதிரெதிர் மூலைகள் இப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன.

உதாரணமாக ஓட்டுநரோடு 980 கிலோ உள்ள வண்டியில் முன் இடம் 285, முன் வலம் 305, பின் இடம் 190, பின் வலம் 200 கிலோ என்றால், முன் வலத்தையும் பின் இடத்தையும் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் 50.5 விழுக்காடு. இது நல்ல நிலை. 53, 54 என்று போனால் ஒரு பக்கத் திருப்பத்தில் வண்டி வெளியே தள்ளும், மறு பக்கத்தில் வால் வீசும். முன் வலமும் பின் இடமும் அதிகம் சுமந்தால் அவ்விரண்டையும் சற்று இறக்கி, மற்ற இரண்டையும் அதே அளவு ஏற்றினால் சராசரி உயரம் மாறாமல் எடை மட்டும் பெயரும். 2 மி.மீ. புரி உள்ள காயிலோவரில் அரைச் சுற்று என்பது 1 மி.மீ.; அதற்கே தராசு அசையும்.

மூலைத் தராசு இல்லாதவர்கள், ஒரு சக்கரத்துக்கு இரண்டு குளியலறைத் தராசுகளை வைத்து, மேலே பலகை போட்டு, இரண்டின் அளவையும் கூட்டிப் பலகையின் எடையைக் கழிக்கலாம். ஒரே தராசு 300 கிலோவைத் தாங்காது. மற்ற மூன்று சக்கரங்களும் அதே உயரத்தில் நிற்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். இல்லையெனில் ஸ்டூல் காகிதத்தை நீங்களே வைத்ததாகிவிடும். உயரமும் எடையும் ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால், சில மி.மீ. உயர வேறுபாட்டை விட்டுக்கொடுத்து எடையைச் சரியாக வையுங்கள்.

16. ஜிப்ஸிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அளக்கும் முறை பொருந்தும், மற்றவை மாறும். ஜிப்ஸியில் நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், முன்னும் பின்னும் திட ஆக்ஸில். கேம்பர் உயரத்தோடு மாறாது. உயரத்தை மாற்ற, லீஃப் பட்டறையில் வளைவைத் திருத்துவது, ஆக்ஸிலுக்கும் லீஃபுக்கும் இடையே பிளாக் வைப்பது போன்ற வழிகளே உண்டு. நுணுக்கமாகத் திருக முடியாது. மண் போட்டிக்கு அதை இறக்கவே தேவையில்லை. லீஃப்களுக்கு இடையே துருவைச் சுரண்டி, இடது வலது வளைவைச் சமமாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

17. காயிலோவர் நட்டு இறுகிப்போச்சு, திருகவே வரலை.

கடற்கரைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்கு இது எதிர்பார்க்க வேண்டியதே. உப்புக் காற்றும் தடத்து மண்ணும் சேர்ந்து அலுமினிய நட்டை இரும்புப் புரியோடு பிணைத்துவிடும். சுத்தியலால் தட்டாதீர்கள், நட்டின் பல் உடையும். கம்பித் தூரிகையால் புரியைச் சுத்தம் செய்து, துரு நீக்கி எண்ணெய் தெளித்து ஓர் இரவு விட்டு, சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கின் சுமையைக் குறைத்த பிறகு அதற்குரிய ஸ்பானரால் திருகுங்கள். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவி, புரியில் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து, துணி உறை மாட்டி வைத்தால் இந்த வேலையே வராது. கிரீஸ் தடவினால் மண் ஒட்டும்.

18. இதே உயரத்துல வண்டியை ரோட்டுலயும் ஓட்டலாமா?

இறக்கிய வண்டியில் ஊருக்குள் இருக்கும் வேகத்தடைகளைத் தாண்டுவதே பெரும்பாடு. சம்ப் ஒரு முறை இடித்தால் செலவு உயரத்தால் கிடைத்த நன்மையைவிட அதிகம். சட்டமும் உண்டு: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. போட்டிக்கென்றே மாற்றிய வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு) அனுமதியோடு நடக்கும் போட்டிகளில், உங்கள் பிரிவில் சஸ்பென்ஷனில் எதை மாற்றலாம் என்பதை ஸ்பானரைத் தொடும் முன்பே விதிமுறையில் படித்துவிடுவது நல்லது.

19. காலையில வெச்ச அளவு மத்தியானம் 3, 4 மி.மீ. கூடியிருக்கு. யாரும் தொடலை. எப்படி?

டயர் சூடானால் அழுத்தம் சில பி.எஸ்.ஐ. ஏறி, வண்டி 1 அல்லது 2 மி.மீ. உயரும். வாயு நிரப்பிய ஷாக்குகளில் சூட்டால் வாயு அழுத்தம் கூடி, தண்டை வெளியே தள்ளும் விசையும் கூடும். அதுவும் ஓரிரு மி.மீ. தரும். பெட்ரோல் குறைந்திருக்கும், பின்பக்கம் எழும். எதிர்த்திசையிலும் நடக்கும்: புது ஸ்பிரிங் சில ஓட்டங்களில் அமர்ந்து இறங்கும், ஆர்ச்சுக்குள் ஒட்டிய களிமண் எடையைக் கூட்டும்.

ஆகவே போட்டி மைதானத்தில் கிடைக்கும் அளவைப் பார்த்து நட்டைத் திருகாதீர்கள். அங்கே தரையும் மட்டமாக இருக்காது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் அன்றைக்குக் காற்றழுத்தத்தை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சுற்றி, எத்தனை சுற்று என்பதை டாஷ்போர்டில் ஒட்டிய டேப்பில் எழுதுங்கள், டோ சற்று மாறியிருக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஷெட்டுக்குத் திரும்பி, வண்டியைக் கழுவி, டயர் ஆறிய பிறகு, அதே ஓடு அடுக்கின் மேல் அதே மூட்டைகளோடு நிறுத்தி அளக்கும் எண்ணையே குறிப்பேட்டில் ஏற்றுங்கள்.